உள்பக்கத்தை நான் பார்க்கவில்லை

வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகுவத்தியால் ஒரு கோலம் போட்டுப் பாருங்கள். போட்டவருக்கே அது தெரியாது. தாளைக் கொஞ்சம் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால்தான் மினுமினுவென்று ஒரு தடம் தெரியும். அதன் மேல், தண்ணீர் நிறையக் கலந்த நீல வண்ணத்தைப் பட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டால் கோலம் முழுக்க வெள்ளையாக எழுந்துவிடும். மெழுகு பட்ட இடத்தில் தாள் தண்ணீரை வாங்காது, படாத இடம் குடித்துவிடும். இதில் வேறு வித்தை எதுவும் இல்லை. ஆனாலும் அந்தக் கோலம் வெளிவரும் நொடியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியார். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும், லீவு விடுவதற்கு முன்னால், பொங்கல் வாழ்த்து செய்யக் கற்றுத்தருவார். செலவே இல்லாத வேலை. கரண்ட் போனால் ஏற்றுவதற்கென்று எல்லார் வீட்டிலும் மெழுகுவத்தி இருக்கும். கேம்லின் வாட்டர் கலர் டப்பா ஒன்று இருந்தால் நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். போஸ்டர் கலரைக் கொண்டுவந்தால் மட்டும் வேண்டாம் என்பார். அது கெட்டியான வண்ணம், மெழுகையும் சேர்த்து மூடிவிடும். தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு தாளைத் தொடாதீர்கள் என்றும் சொல்வார். தேங்காய் எண்ணெய் பட்ட விரல் ரேகையும் தண்ணீரைத் தள்ளும். கடைசியில் வானத்துக்கு நடுவே யாருடைய கட்டைவிரலாவது வெள்ளையாகத் தெரியும்.

வளர்ந்து, வேலைக்குப் போய், பிள்ளைகள் பெரியவர்களான பிறகு எனக்குக் கையில் நேரம் கிடைத்தது. பழைய ஆசை திரும்ப வந்தது. பிறந்தநாள், கல்யாண நாள், கிரகப்பிரவேசம் என்று எதற்கும் கடையில் அட்டை வாங்காமல் நானே செய்துகொடுக்க ஆரம்பித்தேன். கூடவே படிக்கவும் செய்தேன். படிக்கப் படிக்க, நான் விளையாட்டாக நினைத்திருந்த இந்த வேலைக்குப் பின்னால் இருக்கும் உலகம் தெரியவந்தது.

ஜாவாவில் சாண்டிங் என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். மெல்லிய மூக்கு வைத்த சின்னச் செப்புக் கிண்ணம், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. உருக்கிய மெழுகை அதில் மொண்டு துணியில் கோடு கோடாக விட்டு, சாயத்தில் முக்கி எடுக்கிறார்கள். அதுதான் பாத்திக். இந்தோனேசியாவின் பாத்திக்கை யுனெஸ்கோ 2009-ல் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நான் இருப்பது கும்பகோணம். இங்கிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் கொடாலி கருப்பூர். தஞ்சாவூர் மராட்டிய அரச குடும்பத்துக்கென்று அந்த ஊரில் செய்த புடவைகளில் சரிகை நெசவும் மெழுகால் தடுத்துச் சாயம் ஏற்றும் வேலையும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அரசு போனது, ஆதரவும் போனது, அந்தப் புடவையும் நின்றுவிட்டது. இந்தப் பக்கத்துக் கைவேலையின் தொடர்ச்சியாக இன்னும் வரைகிற கருப்பூர் கலம்காரி ஓவியங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

சென்னைக்கு அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் உருவாக்கினார்கள். ஓவியம் விற்றுப் பிழைக்க முடியாத அந்தக் காலத்தில் அவர்களைத் தாங்கியவற்றில் பாத்திக் துணிகளும் உண்டு. ஹென்றி மூர் என்ற ஆங்கிலேயச் சிற்பி, இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் பாதாள ரயில் நிலையங்களில் படுத்துக்கிடந்த சனங்களை 1940, 1941-ஆம் ஆண்டுகளில் வரைந்தார். அவர் கையாண்டதும் மெழுகுக் கிரேயானும் வாட்டர் கலரும்தான். பள்ளிக்கூடத்தில் நாங்கள் செய்த அதே வேலை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு மெழுகுவத்தியைத் தாளில் தேய்ப்பது போதவில்லை. அது சின்னப்பிள்ளை வேலையாகத் தோன்றியது. மெழுகை உருக்கித் தூரிகையால் தொட்டு, நிறத்தின் மேல் நிறம் ஏற்றி, பாத்திக் துணியில் வருகிற அந்த வெடிப்பு ரேகைகளோடு ஒரு வாழ்த்து அட்டை செய்துவிட வேண்டும் என்று தீவிரமாக இருந்தேன். துணியில் செய்கிற காரியத்தைத் தாளில் செய்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. துணியை வெந்நீரில் போட்டு மெழுகை எடுத்துவிடலாம். தாளை அப்படிச் செய்ய முடியாது.

அந்தச் சமயத்தில்தான் பெரியப்பாவுக்கு அட்டை வேண்டியிருந்தது.

பெரியப்பா ஆர்.எம்.எஸ்.ஸில் வேலை பார்த்தவர். ஓடுகிற ரயிலில் நின்றபடி கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டே சர்வீஸைக் கழித்தவர். எந்தக் கிராமம் எந்தத் தபாலாபீசின் கீழ் வரும் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார். மார்கழி பிறந்ததும் அலமாரியிலிருந்து விலாச நோட்டை எடுத்துவிடுவார். கூட வேலை பார்த்தவர்கள், பழைய வீட்டுக்காரர், கல்யாணமாகிப் போன சொந்தக்காரப் பெண்கள் என்று எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து போகும். அப்போதெல்லாம் மற்றவர்கள் உறையை ஒட்டாமல் மடிப்பைச் செருகி, 'புக் போஸ்ட்' என்று எழுதிக் குறைந்த தபால்தலையில் அனுப்புவார்கள். பெரியப்பா அப்படி அனுப்பினதே இல்லை. அட்டையைத் திறந்தால் உள்ளே இரண்டு பக்கமும் அவருடைய கையெழுத்து இருக்கும். மழை எப்படி, விளைச்சல் எப்படி, யாருக்குக் குழந்தை பிறந்தது, நீங்கள் சொன்ன மூட்டுவலித் தைலம் கேட்டதா இல்லையா என்று மை பேனாவால் பொடிப்பொடியாக எழுதுவார்.

"எழுதிட்டா அது கடுதாசிம்மா. கடுதாசிக்கு முழு ஸ்டாம்பு ஒட்டணும்" என்பார்.

முன்பெல்லாம் மார்கழியில் கடைத்தெரு முழுக்கச் சிவகாசியில் அச்சடித்த வாழ்த்துகள் தொங்கும். கரும்பும் பானையும், உழவரும் காளையும், முருகனும் சினிமாக்காரர்களும் ஒரே கயிற்றில் ஆடிக்கொண்டிருப்பார்கள். எல்லாரும் போனில் வாழ்த்து அனுப்ப ஆரம்பித்த பிறகு அந்தக் கயிறுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பெரியப்பா கடை கடையாக ஏறி இறங்குவதைப் பார்த்து நான்தான் சொன்னேன், "அலையாதீங்க பெரியப்பா. இந்த வருஷம் நான் செஞ்சு தர்றேன்" என்று.

"எல்லாத்தையுமா? உனக்கு ஏம்மா சிரமம்?" என்றார். முகம் மலர்ந்துவிட்டதை மறைக்கத் தெரியவில்லை.

நல்ல கெட்டியான கார்ட்ரிட்ஜ் தாள் வாங்கினேன். அளவாக வெட்டி, ஸ்கேலின் விளிம்பை வைத்து அழுத்தி மடித்தேன். சாதா மெழுகுவத்தியில் இருக்கிற பாரஃபின் ஆறி இறுகினால் வெடிக்கும், அந்த வெடிப்பில் சாயம் இறங்கினால்தான் ரேகை வரும். அதுமட்டும் போட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும் என்று கொஞ்சம் தேன்மெழுகும் சேர்த்தேன். தேன்மெழுகு உருக 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். மெழுகை நேராக அடுப்பில் வைத்தால் தீப்பிடித்துவிடும் என்பதால், வாணலியில் தண்ணீரைச் சுட வைத்து அதற்குள் கிண்ணத்தை இறக்கினேன்.

முதலில் தாள் முழுக்க வெளிர் மஞ்சள். காய்ந்ததும், மஞ்சளாகவே இருக்க வேண்டிய சூரியனையும் கரும்புக் கணுக்களையும் மெழுகால் மூடினேன். மேலே ஆரஞ்சு. ஆரஞ்சாக நிற்க வேண்டிய பானையையும் இஞ்சிக்கொத்து மஞ்சள்கொத்தையும் மூடினேன். அதற்கும் மேலே அடர்ந்த அரக்கு. வெளிரிலிருந்து அடர்த்திக்குத்தான் போக முடியும். ஒரு நிறத்தை விட்டுவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. இரவு சமையல் முடிந்து எல்லாரும் படுத்த பிறகு செய்வேன். வீடெல்லாம் மெழுகு வாசனை.

கடைசி வேலை மெழுகை எடுப்பது. அட்டையின் மேலும் கீழும் செய்தித்தாளை வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் மெழுகு உருகிச் செய்தித்தாளில் ஏறிவிடும். மடிப்பும் கத்தி மாதிரி நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, அட்டையை மடித்தபடியே வைத்துத் தேய்த்தேன். செய்தித்தாளை அடிக்கடி மாற்றவும் இல்லை. மெழுகு ஏறிப்போன அதே தாளைத் திருப்பித் திருப்பி வைத்து அடுத்த அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் தேய்த்தேன். தேய்த்து எடுத்த அட்டைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி, நின்று பார்த்தபோது மனசு நிறைந்திருந்தது. அரக்கு நிறத்துக்குள் நரம்பு நரம்பாக ஓடிய ரேகைகளும் நடுவில் சூரியனும் நான் நினைத்த மாதிரியே வந்திருந்தன. படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன். பாராட்டு வந்து குவிந்தது. அத்தனை பேரும் பார்த்தது முன்பக்கத்தை. நானும் அதைத்தான் பார்த்தேன்.

ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிப் பெரியப்பாவிடம் கொடுத்தபோது, அவர் மேல் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். "இதுல முத்திரை குத்தவே மனசு வராதேம்மா" என்றார். நாற்பது வருஷம் முத்திரைச் சத்தத்துக்கு நடுவிலேயே இருந்தவர் சொன்ன வார்த்தை அது. எனக்கு வேறு பரிசு வேண்டியிருக்கவில்லை.

பொங்கலன்று போனில் கூப்பிட்டேன். "பால் பொங்கிச்சா?" என்று கேட்டதற்கு, "பொங்கிச்சும்மா" என்றதோடு போனைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டார். யாருக்கெல்லாம் அட்டை போய்ச் சேர்ந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன். பண்டிகை நாள், களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

காணும் பொங்கலுக்கு நேரிலேயே போனேன். கூடத்து அலமாரியின் மேல் தட்டில் நான் கொடுத்த பெட்டி அப்படியே இருந்தது. பெரியப்பா கொல்லைப்பக்கம் கிணற்றடியில் இருந்தார். பெரியம்மா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவருக்குக் கை வரமாட்டேங்குதுடி. உக்காந்து உக்காந்து எழுதிப் பார்த்தார். எழுத்தே விழலை. பேனாவைக் கழட்டி வெந்நீர்ல போட்டுக் கழுவினார். நிப்பை மாத்தினார். புதுசா பிரில் மை வாங்கிட்டு வந்தார். அப்புறம் பேரனோட பால்பாய்ண்ட்லயும் எழுதிப் பார்த்தார். அதுவும் விட்டு விட்டு ஓடுது. கையில அழுத்தம் போயிடுச்சு, நடுக்கம் வந்துடுச்சுன்னு சொல்லி எல்லாத்தையும் எடுத்து மேல வெச்சுட்டார்."

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள், "போன் மேல போன் வருது. வருஷா வருஷம் போகிக்குள்ள வந்துடுமே, இந்த வருஷம் வாழ்த்து வரலையே, ஐயாவுக்கு உடம்பு சரியில்லையான்னு கேக்கறாங்க. தேவகோட்டைக்காரர் கேட்கத் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் இருக்காரான்னுதான் கேட்க வர்றார்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. உங்க பெரியப்பா பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தார்."

நான் முதலில் அதை நம்பினேன். அவருக்கு எண்பதை நெருங்குகிற வயது. சமீபமாகக் காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை லேசாக ஆடுவதை நானே பார்த்திருந்தேன். முதுமை வந்துவிட்டது என்று வருத்தப்பட்டேன். வேறொரு காரணம் இருக்கலாம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

பெட்டியை இறக்கித் திறந்தேன். மேலே இருந்த அட்டையின் உள்ளே 'அன்புள்ள' என்று எழுத முயன்றிருந்தார். அகரத்தின் சுழி மட்டும் மங்கலாக விழுந்திருந்தது. அதற்குப் பிறகு எழுத்து அறுந்து அறுந்து போயிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு தடவை. அடுத்த அட்டையிலும் அப்படியே. ஒரு அட்டையில் பேனாவை அழுத்தி அழுத்தித் தாளே பள்ளமாகியிருந்தது, ஆனால் மை இல்லை.

அட்டைகளுக்கு அடியில் உறைகள் இருந்தன. கடையில் வாங்கிய சாதா உறைகள். எழுத உட்காருவதற்கு முன்னால் விலாசங்களை எழுதி முடித்துவிடுவது அவர் வழக்கம். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பெயர், கதவு எண், தெரு, ஊர், பின்கோடு எல்லாம் நேர் கோட்டில், எப்போதும் போல முத்து முத்தாக இருந்தன. ஓர் எழுத்துகூட நடுங்கவில்லை. தேவகோட்டைக்காரரின் உறையும் இருந்தது. கொம்பும் காலும் புள்ளியும் அதனதன் இடத்தில் அழகாக உட்கார்ந்திருந்தன.

ஒரு கையில் உறை, ஒரு கையில் அட்டை. இரண்டையும் எழுதியது ஒரே கை, ஒரே பேனா, ஒரே மை.

அட்டையை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். மெழுகுக் கோலத்தைப் பார்க்க எப்படிச் சாய்ப்பேனோ அப்படியே உள்பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தேன். வெள்ளை வெளேரென்று இருந்த பக்கம் முழுவதும் ஒரு மினுமினுப்புத் தெரிந்தது. மேஜையில் இருந்த பெரியப்பாவின் பேனாவை எடுத்து அதில் என் பெயரை எழுதினேன். எழுதிய கோடு, சேப்பங்கிழங்கு இலையில் விட்ட தண்ணீரைப் போல, என் கண் முன்னாலேயே சுருங்கிச் சின்னச் சின்ன முத்துகளாகி நின்றது. விரலால் தொட்டேன். முத்துகள் இழுபட்டு ஒரு நீலக் கறையானது. தாளுக்குள் எதுவும் இறங்கவில்லை.

அடுக்களையில் பெரியம்மா பாத்திரம் எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது. நான் அந்த அலமாரிக்குப் பக்கத்தில் பேனாவை மூடக்கூட மறந்து நின்றேன். இரவெல்லாம் விளக்கடியில் உட்கார்ந்து அவர் நிப்பைக் கழுவியிருக்கிறார், மையை மாற்றியிருக்கிறார், பேனாவை மாற்றியிருக்கிறார். எல்லாவற்றின் மேலும் சந்தேகப்பட்டுப் பார்த்து, கடைசியில் தன் கை மேல் சந்தேகப்பட்டிருக்கிறார். நான் கொடுத்த அட்டையின் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அது நான் செய்தது என்பதால் வரவில்லை.

பெரியப்பா உள்ளே வந்ததும் சொன்னேன். சொல்வது எளிதாக இல்லை. மெழுகைப் பற்றி, இஸ்திரியைப் பற்றி, செய்தித்தாளைப் பற்றி முன்னுக்குப் பின் முரணாக ஏதேதோ சொன்னேன். உறையையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் அட்டையை வாங்கி உள்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"நான் என் கைன்னு நெனச்சுட்டேம்மா" என்றார்.

கோபித்துக்கொள்ளவில்லை. "எவ்வளவு அழகா செஞ்சிருந்தே. போகட்டும்" என்று அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். அதைத் தாங்கிக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது.

காரணம் தெரிந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அதற்குப் பிறகு பாங்கில் எதையாவது நிரப்ப வேண்டியிருந்தால் பேரனிடம் நீட்டினார். மளிகைச் சீட்டைப் பெரியம்மாவை எழுதச் சொன்னார். "உங்க கை நல்லாத்தான் இருக்கு பெரியப்பா" என்று நான் சொன்னால், "இருக்கும்மா, இருக்கு" என்பார். பேனாவை மட்டும் எடுக்கமாட்டார். தன் கை போய்விட்டது என்று பல இரவுகள் நம்பியவருக்கு, இல்லை என்று ஒரு மத்தியானத்தில் சொன்னால் போதவில்லை.

வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த அட்டைகளை வைத்துக்கொண்டு என்ன நடந்தது என்று நிதானமாகப் பார்த்தேன். தாள் என்பது நாரும் நாருக்கு இடையில் இடைவெளியும்தான். மை அந்த இடைவெளியில் கொஞ்சம் இறங்கினால்தான் எழுத்து நிற்கும். மெழுகுவத்தியைக் கையால் தேய்க்கும்போது மெழுகு நாரின் மேல்முகட்டில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது, அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை. உருக்கி ஊற்றினால் தாளுக்குள் இறங்குகிறது. இஸ்திரியின் சூடு அதில் ஒரு பங்கைத்தான் செய்தித்தாளுக்குக் கொடுக்கிறது. மீதியைத் தாளின் நாலா பக்கமும் பரப்பி, பின்பக்கத்துக்கும் கொண்டுபோகிறது. நான் மடித்தபடியே தேய்த்ததால் முன் ஏட்டின் மெழுகு உள்ளே இருந்த இரண்டு பக்கத்திலும் ஏறியிருந்தது. மெழுகு ஊறிய செய்தித்தாள், அடுத்தடுத்த அட்டைகளின் பின்புறத்திலும் அதைப் பூசியிருந்தது. மை பேனாவின் மை தண்ணீரில் ஆனது, நிற்காது. பால்பாய்ண்ட்டின் மை எண்ணெய்ப் பதமானதுதான், ஆனாலும் அந்தக் குண்டு உருள்வதற்குத் தாளில் ஒரு சொரசொரப்பு வேண்டும். மெழுகில் அது வழுக்கும், மெழுகை அள்ளிக்கொண்டு அடைத்தும் போகும். இவ்வளவையும் தெரிந்துகொள்ள எனக்குப் பெரிய படிப்பு எதுவும் தேவைப்படவில்லை. கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு அட்டையைத் திறந்து ஒரு வரி எழுதிப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அடுத்த மார்கழியில் மறுபடியும் அட்டை செய்தேன். இந்தத் தடவை வாத்தியார் சொல்லிக்கொடுத்த மாதிரி. வெள்ளை மெழுகுவத்தியைச் சீவிக் கூராக்கி, கையை அழுத்தி மாக்கோலம் போட்டு, மேலே ஒரே ஒரு காவி வண்ணம். உருக்கவில்லை, இஸ்திரி போடவில்லை. படம் தனித் தாளில். அதை அட்டையின் முகப்பில் ஒட்டுவதற்கு, தாளின் ஓரத்தில் மெழுகு படாமல் விரலகலம் விட்டுவைத்தேன். மெழுகின் மேல் பசை பிடிக்காது. உள்ளே எழுதுவதற்கென்று நல்ல எழுதுதாள் ஒன்றை மடித்துச் செருகி, மடிப்போரமாக மட்டும் பசை தடவி நிறுத்தினேன். அடுக்கும்போது ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்க, நடுநடுவே பட்டர் பேப்பர் வைத்தேன். பார்க்க அவ்வளவு பிரமாதமாக இல்லை. முந்தின வருஷத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் இதை யாரும் படம் எடுக்கமாட்டார்கள்.

பெரியப்பாவின் மையிலேயே ஓர் அட்டைக்குள் 'பொங்கல் வாழ்த்துகள்' என்று எழுதி, அதை மேலாக வைத்துக் கொண்டுபோனேன். அவர் வெகுநேரம் அந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவைத் திறந்து, அதற்குக் கீழே ஒரு சின்னக் கோடு இழுத்தார். அது காய்கிற வரைக்கும் காத்திருந்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தேவகோட்டைக்காரருக்கு எழுத ஆரம்பித்தார்.

எல்லாருக்கும் அவர் எழுதவில்லை. நெருங்கிய சிலருக்கு மட்டும் எழுதினார். மற்றவர்களுக்கு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அவர் கையெழுத்துப் போட்டார். அதற்கடுத்த வருஷங்களிலும் அப்படித்தான். உள்ளே இரண்டு பக்கம் நிறைய எழுதுகிற அந்தப் பழைய பழக்கம் அவருக்குத் திரும்பவே இல்லை. அதில் வயதின் பங்கு எவ்வளவு, என் அட்டையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் பங்கு இல்லை என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

இந்த மார்கழியில் நீங்களும் யாருக்காவது வாழ்த்து அட்டை செய்வதாக இருந்தால் அவசியம் செய்யுங்கள். மெழுகுவத்தியும் வாட்டர் கலரும் போதும், குழந்தைகளையும் கூட உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முகப்பை எவ்வளவு அழகாகச் செய்ய முடியுமோ செய்யுங்கள். செய்து முடித்த பிறகு அட்டையைத் திறந்து, அதை வாங்கிக்கொள்ளப் போகிறவர் எந்தப் பேனாவால் எழுதுவாரோ அந்தப் பேனாவால் ஒரு வரி எழுதிப் பாருங்கள். மை தாளில் இறங்கி நின்றால் கொண்டுபோய்க் கொடுங்கள்.